இரவில் கிராமச் சாலையில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயிலில் சென்னையைச் சுற்றிப் பகலில் சைக்கிள் மிதிப்பது பெரும் வேதனை. அதே நாள் இரவு எட்டு மணிக்குத் திருப்போரூருக்கு மேற்கே உள்ள ஊர்ச் சாலைகளில் போய்ப் பாருங்கள். ஏரிக்கரை வந்ததும் காற்று சட்டென்று குளிர்கிறது. எங்கிருந்தோ வேப்பம்பூ மணக்கிறது. செயின் ஓடும் சத்தமும் சில்வண்டுச் சத்தமும் தவிர வேறில்லை. பயந்துகொண்டு இதை யாரும் இழந்துவிடக் கூடாது. அதற்குச் சில தவறுகளை விட்டால் போதும்.

முதல் தவறு, வெளிச்சமும் அகலமும் இருக்கிறதே என்று இரவிலும் ஈசிஆரையே, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையையே, பிடிப்பது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கவனித்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் அது எவ்வளவு நெருங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ச் சாலையில் வண்டியும் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் குவாரி டிப்பர்கள் ஓடும் தடமா என்று பகலிலேயே டீக்கடையில் கேட்டுவிடுங்கள். பகலில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காத சாலையில் இரவில் இறங்காதீர்கள்.

அடுத்தது விளக்கு. நம்மைப் பிறர் பார்ப்பதற்கான விளக்கு வேறு, நாம் பாதையைப் பார்ப்பதற்கான விளக்கு வேறு. மினுமினுக்கும் சின்ன லைட் நகரத்துக்குப் போதும். தெருவிளக்கே இல்லாத சாலையில் 300 லூமனுக்கு (விளக்கு தரும் ஒளியின் அளவு) குறைந்தால் பள்ளம் தெரியாது. செல்போன் டார்ச் இதற்கு உதவாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கண்ணில் பட்டு, பிரேக் பிடித்து, முழுதாக நிற்க 12 முதல் 16 மீட்டர் ஆகும். உங்கள் வெளிச்சம் 10 மீட்டர்தான் எட்டுகிறது என்றால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. குறைத்தால்தான் இரவும் காதில் விழும். லைட்டைச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள். எதிரே வருபவரின் கண் கூசினால் ஆபத்து உங்களுக்குத்தான். பின்னால் சிவப்பு லைட்டைப் பையோ சட்டையோ மறைக்கிறதா என்று புறப்படும் முன் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளைச் சட்டை போட்டால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. கணுக்காலில் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்கள். அது மேலும் கீழும் அசைவதைப் பார்த்ததுமே, போவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

அறுவடைக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பாதிச் சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கற்களை அடுக்கியிருப்பார்கள். நெல்லை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். பெயின்ட் அடிக்காத வேகத்தடை, தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடு, பின்விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் ட்ரெய்லர் எல்லாமே கடைசி நொடியில்தான் தெரியும்.

எதிரே ஹை பீமில் வண்டி வந்தால் அந்த விளக்கைப் பார்க்காதீர்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அது ஒரு நொடியில் கெட்டுவிடும். மிதிப்பதை நிறுத்தி, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்தபடி மெல்லப் போங்கள்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டியபடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டாக வேண்டும். ஏரிக்கரைப் புல்லில் காலை நீட்டி உட்காரும் ஆசையையும் விடுங்கள். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில்தான் நடமாடும். நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது இந்தப் பக்கத்து வடநெம்மேலியில்தான். கடிபட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. அசையாமல் இருந்து 108ஐ அழையுங்கள்.

நேரமும் முக்கியம். டாஸ்மாக் மூடும் பத்து மணியையொட்டி அந்தக் கடைகள் இருக்கும் சாலைகள் வேண்டாம். மாமல்லபுரத்தில் சூரிய உதயம் பார்க்க மூன்று மணிக்குக் கிளம்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓட்டுநர்கள் கண்ணயரும் நேரம் அது. காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம், பின்னால் வரும் வண்டியைக் காதுதான் முதலில் அறியும்.

பலரும் சனிக்கிழமை பார்த்து நாள் குறிக்கிறார்கள். நாள்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். பௌர்ணமிக்கு முந்தைய மூன்று நாட்களில் இருட்டும்போதே நிலா வானத்தில் இருக்கும். கழிந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித்தான் எழும். ஆக, முதல் பயணத்துக்கு வளர்பிறையின் கடைசி நாட்களில் ஒன்று, துணைக்கு ஒருவர், போய்வர 20 கிலோமீட்டர். கருவேல முள் நிறைய என்பதால் ஒரு ட்யூபும் பம்பும் கட்டாயம்.