சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக் கடையை நடத்துவது எப்படி?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் போய்த் தொழில் செய்கிறவர்களில் பலருக்கு ஊரிலும் ஒரு கடையோ, கிட்டங்கி எனப்படும் சரக்குக் கிடங்கோ இருக்கும். முன்பு அதை மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்திறங்கிப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது அந்தப் பேரேட்டை இருக்கும் இடத்திலிருந்தே அன்றாடம் பார்க்க முடியும். ஆனால் அதற்கான ஏற்பாடுகளை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடையும் பேட்டையில் கிட்டங்கியும் வைத்துக்கொண்டு சென்னையில் குடியிருக்கும் ஒரு வியாபாரியை மனத்தில் வைத்து இந்த முறையைச் சொல்கிறேன். பலசரக்கு, பாத்திரம், பத்தமடைப் பாய் என்று சரக்கு மாறினாலும் முறை பெரிதாக மாறாது.

வெளியூரிலிருந்து கடையைக் கவனிக்க நினைப்பவர்கள் பொதுவாக முதலில் வாங்குவது கேமராதான். அதைக் கடைசியில் வாங்குங்கள். கல்லாவுக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பதைக் கேமரா காட்டும். பழைய தேதியில் திருத்தப்பட்ட பில்லை அது காட்டாது. யார் எதைச் செய்யலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும் என்று அதிகாரத்தைப் பிரித்து வைப்பதே அடிப்படை வேலை. கீழே வரும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இணைப்பும் மின்சாரமும் இல்லாமல் எதுவும் நடவாது என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். கடைக்கு ஒரு ஃபைபர் இணைப்பு, அது அறுந்தால் தானாகவே சிம்முக்கு மாறிக்கொள்ளும் ரவுட்டர், அந்த ரவுட்டரில் வேறு நிறுவனத்து சிம் என்பது போதுமான ஏற்பாடு. குடிநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுபடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. பில் கணினியையும் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். விளக்கையும் விசிறியையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. கணினியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி சந்திப்புப் பகுதி நீரில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு நாளில் கணினி போனால் போகட்டும், கணக்கு போகக் கூடாது. ஆகவே கணக்கின் பிரதி ஒவ்வோர் இரவும் இணையச் சேமிப்பிடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும்படி அமைப்பது கட்டாயம்.

கணக்குக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கணக்கர் இருந்தால் அதிலேயே தொடரலாம். டேலி பிரைமில் தொலைவிலிருந்து நுழைந்து பார்க்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்குக் கடைக் கணினியும் அதில் டேலியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு, கணக்கு முழுவதும் இணையத்திலேயே இருக்கும் ஜோஹோ புக்ஸ் போன்ற மென்பொருள் வசதியானது. (தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் அலுவலகத்தில்தான் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஜோஹோ டெஸ்க் உருவானது, தொலைவிலிருந்து தொழில் செய்ய முடியுமா என்று நம் பக்கத்துக்காரர்கள் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.) எதை எடுத்தாலும் முதலாளி, கணக்கர், பில் போடுபவர் ஆகிய மூவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். பில் போடுபவர் பில்லை அழிக்கவோ, பழைய தேதியில் பதியவோ, குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரவோ முடியாதபடி பூட்டுங்கள். திருத்தம் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் வசதியை இயக்கி, வாரம் ஒருமுறை அந்தப் பதிவை மட்டுமாவது படியுங்கள்.

ஹார்டுவேர் கடையில் இருப்புக் கணக்கு குழம்புவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, அலகால். ஆணி மூட்டையாக வந்து கிலோவாகப் போகிறது. ஸ்க்ரூ பெட்டியாக வந்து எண்ணிக்கையாகப் போகிறது. ஒயர் 90 மீட்டர் சுருளாக வந்து மீட்டர் கணக்கில் அறுபடுகிறது. வாங்கும் அலகையும் விற்கும் அலகையும் மென்பொருளில் முதலிலேயே இணைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஆண்டுக்கொருமுறை கடையை அடைத்துச் சரக்கு எண்ணுவதைவிட, தினமும் காலையில் நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஐந்து சரக்கை மட்டும் எண்ணிச் சொல்லச் சொல்வது நல்லது. எந்த ஐந்து என்பது முந்தின நாள் யாருக்கும் தெரியக் கூடாது.

பண விஷயத்தில் விதி ஒன்றுதான்: வரவைப் பலர் பார்க்கலாம், செலவை நீங்கள் ஒப்ப வேண்டும். யு.பி.ஐ. வரவு நடப்புக் கணக்கில் நேராகச் சேர வேண்டும். கடைப் பையனின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். தமிழில் தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்றைக் கல்லா அருகே வைத்தால், பணம் அனுப்பியதாகப் போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டிச் சரக்கை எடுத்துப் போகிறவர்களிடம் ஏமாற வேண்டியதில்லை. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதையும், அதைக் கேட்கிறவன் பணத்தை எடுக்கத்தான் கேட்கிறான் என்பதையும் பணியாளர்களுக்குச் சொல்லி வையுங்கள். கொள்முதல் செய்த இடத்துக்குப் பணம் அனுப்ப, வங்கியில் நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையைக் கேட்டு வாங்குங்கள். அதில் கணக்கர் தொகையைப் பதிந்து வைப்பார், நீங்கள் சென்னையிலிருந்து ஒப்புதல் கொடுத்த பிறகே பணம் நகரும். ஓ.டி.பி.யைப் போனில் சொல்லி வேலை நடத்துகிற கடைகளில் இந்த ஓர் ஏற்பாடே பெரிய மாற்றத்தைத் தரும்.

ஜி.எஸ்.டி. பதிவில் யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். பதிவு செய்துகொடுத்த ஆலோசகரின் எண்ணே ஆண்டுக்கணக்கில் அதில் கிடப்பதைச் சாதாரணமாகக் காணலாம். அதனால் அறிவிப்பு வந்தாலும் முதலாளிக்குத் தெரிவதில்லை. பேட்டைக் கிட்டங்கி கூடுதல் தொழிலிடமாகப் பதிவில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்குக்கு, வண்டியில் அனுப்பும் முன் இணையத்தில் எடுக்கும் இ-வே பில் வேண்டும். அதைக் கிட்டங்கியில் இருப்பவரே எடுக்க, அந்தத் தளத்தில் துணைப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருடைய கைப்பேசி எண்ணையே அதற்குக் கொடுங்கள். அப்போது லாரி ஏறும் நேரத்தில் ஓ.டி.பி. கேட்டு உங்களை எழுப்ப வேண்டி வராது, தலைமைக் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கும். தவறாக எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

கடையின் தொலைபேசி எண் உங்கள் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும். வாட்ஸ்ஆப் பிசினஸை அந்த எண்ணில் நிறுவினால், ஒரு கைப்பேசியோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம். கடைக் கணினியிலும் உங்கள் கணினியிலும் ஒரே உரையாடல் தெரியும். தலைமைக் கைப்பேசியை 14 நாள் தொடாமல் வைத்தால் மற்றவை வெளியேறிவிடும் என்பதால் அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைக்காதீர்கள்.

இரவு கடை அடைக்கும் தகவலுக்குத் தனிக் குழு ஒன்று போதும், ஆனால் அதன் வடிவம் ஒருநாளும் மாறக் கூடாது. தொடக்க இருப்பு, ரொக்க விற்பனை, யு.பி.ஐ. விற்பனை, கடன் விற்பனை, வந்த பாக்கி, கைச்செலவு, முடிவு இருப்பு என ஏழு வரிகள். அதன் கீழே 500, 200, 100 என்று நோட்டுவாரியான எண்ணிக்கை. கைச்செலவுக்கு ரசீதின் படம். கணக்கு இடித்தால் அன்றிரவே கேளுங்கள், ஆனால் குழுவில் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். “அண்ணாச்சி, டீச் செலவை எழுத விட்டுப்போச்சு” என்ற பதில் பத்துப் பேர் முன்னால் வருவது மேலாளருக்கு மரியாதை இல்லை. மரியாதை போன மேலாளர் அடுத்த மாதம் வேறு கடையில் இருப்பார்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு கேமராவுக்கு வரலாம். கல்லா, வாசல், கிட்டங்கியின் ஏற்று இறக்கு இடம், எடைமேசை ஆகிய நான்கு இடங்கள் போதும். ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் ஏறக்குறையப் பதினொரு நாள் பதிவு நிற்கும். வீட்டு ஃபைபர் இணைப்புகளில், வெளியிலிருந்து நேராக அணுகக்கூடிய தனிப் பொது ஐ.பி. முகவரி பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே பதிவுப்பெட்டியின் கியூ.ஆர். குறியைச் செயலியில் படித்து இணைத்துக்கொள்வதே எளிது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை, பொருத்த வந்தவர் கிளம்பும் முன்னரே மாற்றிவிடுங்கள். நாள் முழுவதும் கைப்பேசியில் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பது நிர்வாகம் ஆகாது. கணக்கு இடித்த நேரத்தைப் போய்ப் பார்ப்பதற்குத்தான் அது.

கணினியில் கோளாறு என்றால் எனிடெஸ்க் போன்ற மென்பொருள் வழியாக உங்கள் ஆளே தொலைவிலிருந்து சரிசெய்யலாம். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி அதே மென்பொருளை நிறுவச் சொல்பவன் மோசடிக்காரன். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும் என்று கல்லாவில் எழுதி ஒட்டுங்கள்.

மேலாளர் ஒருவர் விலகும் நாளில் செய்ய வேண்டியதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் பதிவு அதிகாரம், இ-வே பில் துணைப் பயனர், கணக்கு மென்பொருள், வாட்ஸ்ஆப்பில் இணைந்த கருவிகள், கேமரா செயலி, ரவுட்டர் கடவுச்சொல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கி, அவர் பயன்படுத்திய கடை மின்னஞ்சலை மட்டும் மூடாமல் அதற்கு வரும் கடிதங்கள் மூன்று மாதமாவது உங்களுக்கு வரும்படி திருப்பிவிடுங்கள். நிறுவனங்களின் பாக்கிக் கேட்புகள் அதற்குத்தான் வந்துகொண்டிருக்கும்.