துக்கத்துக்குள் தினமும் நன்றி சொல்லிப் பழகுவது எப்படி: ஒரு கொப்பி, ஒரு பேனை, பத்து நிமிடம்

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் பலர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:18). வசனம் சரிதான். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. 31ஆம் நாள் நினைவு முடிந்து, பந்தலைக் கழற்றி, வாடகைக் கதிரைகளும் திரும்பிப் போன பிறகு, வீட்டில் இருப்பவர் தனியாக அந்த வசனத்தோடு மல்லுக்கட்டுகிறார். இந்தப் பதிவு அவருக்காகத்தான். ஜெபிக்கத் தெரியும், வேதாகமம் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேராலயத்துக்குப் போகிறவரும் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போகிறவரும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒன்று. சாவுக்காக நன்றி சொல்லும்படி ஆண்டவர் உங்களிடம் கேட்கவில்லை. யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 35ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். 41ஆம் வசனத்தில் கல்லறை வாசலில் நின்று பிதாவுக்கு நன்றி சொல்கிறார். லாசரு வெளியே வருவது 44இல்தான். அவர் நன்றி சொன்னது லாசரு செத்ததற்காக அல்ல, பிதா தமக்குச் செவிகொடுத்ததற்காக. கீழே வரும் முறையும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் அழுகை, பிறகு நன்றி. வரிசையை மாற்றினால் இரண்டு மூன்று நாளில் கை எழுத மறுக்கும்.

என்ன வேண்டும்

80 பக்க ஒற்றை றூள் கொப்பி ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால் இரண்டரை மாதத்துக்கு மேல் வரும். 200 பக்கக் கொப்பி வேண்டாம், அதன் தடிப்பைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடும். 'இன்று உங்களை மகிழ்வித்த ஐந்து விடயங்கள்' என்று அச்சடித்து விற்கும் நன்றிக் குறிப்பேடுகள் துக்கத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது. இறந்தவருடைய பழைய டயரியில் மிச்சமிருக்கும் பக்கங்களையும் பயன்படுத்த வேண்டாம். அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் அன்றைக்கு வேலை அதோடு நின்றுவிடும்.

பேனை சாதாரண போல்பொயின்ட். ஜெல் பேனை வாங்காதீர்கள். போல்பொயின்ட் மை எண்ணெய்த் தன்மை உள்ளது, கண்ணீர் விழுந்தாலும் எழுத்து அப்படியே நிற்கும். ஜெல் மை நீர்த் தன்மையானது. ஒரு சொட்டு விழுந்தால் பல ஜெல் பேனைகளின் எழுத்துப் பரவி, மறுபக்கமும் ஊறக்கூடும்.

போனில் எழுதலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. எழுதிக்கொண்டிருக்கும்போதே பழைய படம் ஒன்று 'நினைவுகள்' என்று திரையில் வந்து நிற்கும். கூகிள் போட்டோஸிலும் பேஸ்புக்கிலும் நினைவுகளுக்கான அமைப்பில் குறிப்பிட்ட ஆளையோ திகதியையோ மறைக்க வழி இருக்கிறது. கொப்பியில் எழுதினாலும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

எப்போது

அடக்கம் முடிந்த முதல் வாரத்தில் கொப்பியைத் தொடவே வேண்டாம். அந்த நாட்களில் "ஆண்டவரே, இருக்கிறீரா" என்று வாயால் கேட்டாலே போதும். வீட்டில் ஆட்கள் குறைந்த பிறகு தொடங்குங்கள்.

நேரம் பின்னேரம் 6 மணியளவில், விளக்குப் போட்டு, குடும்ப ஜெபத்துக்கோ செபமாலைக்கோ முன்னால். படுக்கப் போகும் நேரத்தில் செய்தால், அழுகை வந்தபின் நித்திரை வராது. விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் வலையும் மீனும் முடித்து வந்து, குளித்து, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் செய்யலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே கதிரை, அதே மூலை. இடம் மாறினால் பழக்கம் பிடிக்காது.

படி 1: முறைப்பாடு

பக்கத்தின் மேலே திகதி. அதன் கீழே மூன்று அல்லது நான்கு வரி முறைப்பாடு, ஆண்டவரைப் பார்த்து, முன்னிலையில். "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்பது முறைப்பாடு அல்ல. "ஏன் டொக்டர் வரும்வரைக்கும்கூட அவரை விட்டுவைக்கவில்லை?" என்பது முறைப்பாடு. இப்படி எழுதுவது பாவம் என்று பயப்படுகிறவர்கள் சங்கீதம் 13ஐ வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்கிறார். கோபத்தைக் கொட்டிவிட்டுத்தான் கடைசி வசனத்தில் பாடுகிறார்.

இறந்தவர் மேலேயே கோபம் இருந்தால் அதையும் இங்கேதான் எழுத வேண்டும். குடியால் போனவர், கடனை வைத்துவிட்டுப் போனவர், சொல்லாமல் நோயை மறைத்தவர் என்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அந்தக் கோபம் முறைப்பாட்டில் வெளியே வராவிட்டால் நன்றியில் பொய்யாகக் கலந்துவிடும்.

நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள். மிச்சம் நாளைக்கு.

படி 2: நிறுத்தம்

பேனையைக் கீழே வைத்து, மெதுவாக மூச்சு விட்டு, ஒரு நிமிடம். அழுகை வந்தால் அடங்கும்வரை இருங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம்.

படி 3: நன்றி

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூன்று வரி எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிலும் இன்றைக்கு நடந்த ஒரு காரியம், அது நடந்த நேரம் அல்லது இடம், யார் மூலமாக வந்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். "குடும்பத்துக்காக நன்றி, சுகத்துக்காக நன்றி" என்று எழுதினால் நான்காம் நாள் அதே வரியைத்தான் திருப்பி எழுதுவீர்கள். பத்தாம் நாள் அது வெறும் ஒப்பிப்பாகிவிடும். துக்கத்தில் இருப்பவருக்கு 'குடும்பம்' என்ற சொல்லே ஒரு ஆள் குறைந்த குடும்பம் என்றுதான் கேட்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "காலமை ஏழு மணிக்குப் பின்வீட்டு அக்கா பிட்டும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து தந்தா. அரைவாசி சாப்பிட்டேன். நன்றி ஆண்டவரே." இதில் பிட்டு இருக்கிறது, நேரம் இருக்கிறது, அக்கா இருக்கிறா. 'அரைவாசி' என்பதும் இருக்கிறது. அந்தச் சொல்லை அழித்து முழுவதும் சாப்பிட்டதாக எழுத வேண்டாம். அரைவாசிச் சாப்பாட்டுக்கும் நன்றி சொல்லலாம்.

இன்னொன்று: "பின்னேரம் டச்சுப்பே பக்கம் நடக்கும்போது பத்து நிமிடம் மழை விட்டது." (டச்சுப்பே எங்கள் திருகோணமலைக் கடற்கரை.) யார் மூலமாக வந்தது என்று தெரியாத இடத்தில் நேரே ஆண்டவரிடமிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியிருக்கும், எழுத எதுவும் கிடைக்காதது போலத் தோன்றும். அப்போது கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மூன்று கிடைத்துவிடும்.

வேண்டாத நன்றி ஒன்றும் உண்டு. "அந்த வீட்டில் இரண்டு பேர், எங்கள் வீட்டில் ஒருவர்தான், ஸ்தோத்திரம்" என்ற நன்றி. ஆறுதல் சொல்ல வருகிறவர்களும் இதைச் சொல்லித் தருவார்கள். லூக்கா 18:11இல் பரிசேயன் 'நான் மற்ற மனிதரைப்போல இல்லை' என்று நன்றி சொல்வதும் இந்த வகைதான். இன்னொருவருடைய இழப்பின் மேல் ஏறி நின்று சொல்லும் நன்றியை எழுதாதீர்கள்.

படி 4: மூடுதல்

எழுதிய மூன்று வரியையும் வாய்விட்டு வாசித்து, 'ஆமென்' சொல்லி, கொப்பியை மூடுங்கள். முறைப்பாட்டைத் திரும்ப வாசிக்க வேண்டாம்.

சனிக்கிழமையில் மட்டும்

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு ஆராதனைக்கு முந்தின பின்னேரம், மூன்று வரியில் ஒரு வரியை இறந்தவருக்காக ஒதுக்குங்கள். "அவரைத் தந்ததற்காக நன்றி" என்று பொதுவாக வேண்டாம். மீன் வெட்டி முடித்ததும் செதிலைப் பழைய பேப்பரில் சுற்றி, கத்தியை உப்புப் போட்டுக் கழுவி வைப்பாரே, அதை எழுதுங்கள். தினமும் இதைச் செய்யப் போனால் நாள் முழுவதும் பழைய காட்சிகளிலேயே இருக்க நேரிடும், இன்றைக்கு வந்த பிட்டு கண்ணில் படாது.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

நாள் தவறினால் பின்னோக்கி நிரப்பாதீர்கள். இன்றைய திகதியைப் போட்டுத் தொடருங்கள்.

ஒன்றுமே வராத நாள் வரும். அன்றைக்கு சங்கீதம் 88ஐ வாசியுங்கள். அதன் 18 வசனமும் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில்கூட நன்றி இல்லை. அப்படி ஒரு ஜெபமும் வேதாகமத்தில் இருக்கிறது. திகதியின் கீழே '88' என்று எழுதி மூடுங்கள். அது தோல்வி நாள் அல்ல.

கடினமான திகதிகளைக் கொப்பியின் பின்னட்டையில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: பிறந்த நாள், ஆண்டு நினைவு, கத்தோலிக்கர் என்றால் மரித்த ஆத்துமாக்களை நினைவுகூரும் நவம்பர் 2. இந்த ஊரில் டிசம்பர் 26ஐயும் சேர்க்க வேண்டும். 2004இல் சுனாமியாகக் கடல் வந்த நாள் நத்தாருக்கு அடுத்த நாள் என்பதால், பாலன் பிறப்புப் பாடல்கள் ஓயும் முன்பே துக்கம் வந்துவிடுகிறது. இந்த நாட்களில் முழு முறையையும் செய்ய முயலாமல், சங்கீதம் 13உம் ஒரு வரி நன்றியும் போதும் என்று விட்டுவிடுங்கள்.

சாப்பாடும் நித்திரையும் வாரக்கணக்கில் இல்லாமல் போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, கொப்பி போதாது. 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பக்கத்து அரச வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். குருவானவரிடமோ போதகரிடமோ சொல்வது இதற்குப் பதிலாக அல்ல, இதோடு சேர்த்து.

வாசித்தவர்கள் கேட்டதால் பின்னர் சேர்த்தவை

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை (அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம்) நன்றியில்தானே தொடங்குகிறது, நீங்கள் ஏன் முறைப்பாட்டில் தொடங்குகிறீர்கள்? உண்மை, அவருடைய ஐந்து படிகளில் முதலாவது நன்றி. அருமையான முறை. துக்கம் புதிதாக இருக்கும்போது மட்டும் முறைப்பாட்டை முன்னால் வையுங்கள். நன்றி தானாகவே முந்திக்கொண்டு வரத் தொடங்கினால் இஞ்ஞாசியாரின் வரிசைக்கு மாறிவிடுங்கள்.

அம்மம்மாவுக்கு எழுத வராது. அவவுக்குக் கொப்பி தேவையில்லை. பக்கத்தில் இருந்து "இன்றைக்கு என்ன நடந்தது அம்மம்மா" என்று மூன்று தடவை கேளுங்கள். அவ சொல்லச் சொல்ல விரலை மடக்கட்டும். திருத்திச் சொல்லாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களுடைய வீட்டார் கேட்டது மிக முக்கியமானது. ஆள் இல்லை என்று ஏற்றுக்கொள்ளவும் முடியாது, அடக்கமும் இல்லை, 31ஆம் நாளும் இல்லை. சனிக்கிழமை வரியில் "சிரிப்பான்" என்று எழுதுவதா, "சிரித்தான்" என்று எழுதுவதா? கை எப்படிப் போகிறதோ அப்படியே விடுங்கள். ஒரு வாரம் ஒரு மாதிரியும் அடுத்த வாரம் வேறு மாதிரியும் வந்தாலும் திருத்த வேண்டாம். 'அவன் போய்விட்டான், அதை ஏற்றுக்கொண்டு நன்றி சொல்' என்று நெருக்கும் எவருடைய பேச்சையும் இந்தக் கொப்பிக்குள் விடாதீர்கள். முறைப்பாட்டுக்கு நான்கு வரி என்று மேலே சொன்ன அளவும் உங்களுக்கு இல்லை, பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி வரிகளை வட்ஸ்அப் குழுவில் போடலாமா? முதல் ஒரு வருடம் வேண்டாம். பத்துப் பேர் 'ஆமென்' போடுவார்கள், பதினோராவது ஆள் ஒரு வசனம் அனுப்புவார், அடுத்த நாள் அவர்களுக்குப் பிடிக்கும்படி எழுதத் தொடங்கிவிடுவீர்கள். யாருக்காவது காட்ட வேண்டும் என்றால், வரியில் பெயர் வந்தவருக்குக் காட்டுங்கள். பிட்டு கொண்டுவந்த அக்காவுக்கு அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டலாம்.