ஊரில் பெற்றோர், சிங்கப்பூரில் நீங்கள்: முதுமைப் பராமரிப்புச் செலவுக் கணக்கு

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் வேலை பாஸ், வாடகை முன்பணம், ஊருக்குப் பணம் அனுப்ப எந்த ஆப் என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். காரைக்குடியில் அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது என்ன அவசரம் என்று தோன்றும். நடமாடும்போது போட வேண்டிய கணக்குதான் இது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களை ஏமாற்றுவது வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு இருக்க, செலவுக்கு என்ன குறை என்று இருந்துவிடுகிறோம். அந்த வீட்டில் எத்தனை பேருக்குப் பங்கு? சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பல வருடம் போய்விடும். 60 வயது கடந்தவர்களுக்கு வீட்டை ஈடாக வைத்து வங்கி மாதாமாதம் பணம் தரும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் இருக்கிறது. ஆனால் வீடு அவர்கள் பெயரில், வில்லங்கம் இல்லாமல் இருக்க வேண்டும். பல பேருக்குப் பங்குள்ள வீட்டுக்கு அது நடக்காது. அதனால் வீட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். உயரமான படி, தாண்டிப் போக வேண்டிய நிலைப்படி, கொல்லைப்புறக் கழிப்பறை என்று வீடே செலவும் வைக்கும். படுக்கும் அறையை ஒட்டி, கைப்பிடியோடு ஒரு வெஸ்டர்ன் கழிப்பறையை இப்போதே கட்டிவிடுங்கள்.

ஒருவர் படுத்துவிட்டால் மருந்தைவிட ஆள் செலவுதான் பெரிது. பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், அவர்கள் லீவு போட்டால் மாற்றாள், சாப்பாடு, ஏஜென்சி கமிஷன். அப்புறம் டயப்பர், பிசியோதெரபி, வாடகைக் கட்டில், பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ கார். ஏற்கெனவே ஆள் வைத்திருக்கும் வீட்டில் விசாரித்தால் இன்றைய சம்பளம் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி வருடம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் அது 54,000-ஐத் தொடும்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் இதற்கு உதவாது. ஆஸ்பத்திரியில் சேர்த்த செலவைத்தான் பொதுவாகத் தருவார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத் தரமாட்டார்கள். ஆனாலும் எடுத்து வையுங்கள். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடைக்காது என்ற நிலை 2024 ஏப்ரலில் மாறிவிட்டது. சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் அதுவும் தள்ளிப்போகும்.

இங்கேயே அழைத்து வந்துவிடலாமே என்றால், பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி வாங்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். நீண்டகாலப் பராமரிப்புக்கான இன்சூரன்ஸான கேர்ஷீல்டு லைஃப் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஆஸ்பத்திரி பில்லும் மானியம் இல்லாமல் முழுசாக வரும். புதிதாக வந்தவர் இதை நம்பித் திட்டம் போடுவது சரிப்படாது.

எனக்குப் பிடித்த வழி, அவர்கள் பெயரிலேயே தொடர்ந்து வருமானம் வர வைப்பது. இந்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்பதால் நீங்கள் அதில் போட முடியாது; பெற்றோருக்குப் பணத்தை அன்பளிப்பாக அனுப்பினால் அவர்களுக்கு வரி கிடையாது, அவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஊரில் உள்ள உங்கள் பழைய சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஐகளுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிடுங்கள், அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

அப்பச்சி பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்குகளில் ஆத்தாவையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் நினைவில்லாமல் கிடக்கும்போது அவர் பணத்தை அவர் செலவுக்கே எடுக்க முடியாது. நினைவோடு எழுதிக் கொடுத்த பவர் பத்திரமும் அப்போது செல்லாது. கடைசியாக, அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு யார் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தலையில் முழுச் செலவையும் கட்டுவார்கள்; ஊரில் இருந்து ராத்திரி கண்விழிப்பவரின் உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கும் ஒரு தொகை போடுங்கள்.