எக்ஸ்எம்எல் டேட்டா பைண்டிங்: பெஞ்ச்மார்க்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

தரவைக் குறிச்சொற்களுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் வங்கி, காப்பீடு, விமான டிக்கெட் பக்கம் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். யுபிஐ-யில் வங்கிக்கும் அதை நடத்தும் என்பிசிஐ-க்கும் இடையே போய் வருவது எக்ஸ்எம்எல் மெசேஜ்தான். ஆதார் சரிபார்ப்புக் கோரிக்கையும் அப்படியே. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் இப்போது பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 20022-ம் எக்ஸ்எம்எல்தான். வங்கிகளுக்கு இடையே மெசேஜ் கொண்டுபோகும் ஸ்விஃப்ட்டில் பழைய எம்டி வடிவமும் இதுவும் 2023 மார்ச்சிலிருந்து 2025 நவம்பர் வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஆகவே ஜாவா டீம் ஒன்று இன்றைக்கும் உட்கார்ந்து, வரும் எக்ஸ்எம்எல்-ஐ ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்ற (இதுதான் டேட்டா பைண்டிங்) ஜாக்ஸ்பி லைப்ரரி எடுப்பதா, எக்ஸ்எம்எல்பீன்ஸ் எடுப்பதா, வெப் சர்வீஸ் எழுதும் ஆக்சிஸ்2 கருவி தரும் ஏடிபி போதுமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எடுக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது. ஜிப்எக்ஸ் என்ற லைப்ரரி ஒரு காலத்தில் கம்பைல் ஆன பைட்கோடிலேயே கை வைத்து வேகமாக ஓடியது, அதைப் பற்றிய ஒப்பீடுகளும் நிறைய வந்தன. ஆனால் ஒரு வெப் சர்வீஸ் அழைப்பில் நேரம் பெரும்பாலும் நெட்வொர்க்கிலும் டேட்டாபேஸிலும்தான் போகிறது, பைண்டிங்கில் மிச்சம் பிடிக்கும் நேரம் கண்ணுக்கே தெரியாது. ஜாக்ஸ்பி மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும் இடங்களில் கோடைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஜாக்ஸ்பிகான்டெக்ஸ்ட் (கிளாஸ்களுக்கும் எக்ஸ்எம்எல்-க்கும் உள்ள பொருத்தத்தை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) உருவாக்கிக்கொண்டிருப்பார்கள். அதை உருவாக்குவதுதான் செலவு. ஒரு முறை உருவாக்கி எல்லா த்ரெட்டுக்கும் பகிரலாம். ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஆக்கும் மார்ஷலர், எக்ஸ்எம்எல்-ஐ ஆப்ஜெக்ட் ஆக்கும் அன்மார்ஷலர் இரண்டையும் அப்படிப் பகிரக் கூடாது, அவை த்ரெட்-சேஃப் கிடையாது. இந்தச் சின்ன விஷயத்தைச் சரி செய்யாமல் லைப்ரரியையே மாற்றினால் மாதக்கணக்கில் வேலை வீண்.

வேகத்தை விட்டுவிட்டு முதலில் எக்ஸ்எஸ்டி ஃபைலை (மெசேஜில் என்னென்ன வரலாம் என்று சொல்லும் ஸ்கீமா) திறந்து படியுங்கள். உண்மையாகவே வரி வரியாக. அதில் சாய்ஸ் (பலவற்றில் ஒன்று) எத்தனை இடத்தில் வருகிறது, எனி (எதுவும் வரலாம்) இருக்கிறதா, சப்ஸ்டிட்யூஷன் குரூப் (ஒன்றின் இடத்தில் வேறொன்று வரலாம்) இருக்கிறதா, ஒரே பெயருள்ள எலிமெண்ட் ஒரே டைப்புக்குள் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் ஸ்கீமாவிலிருந்து கிளாஸ்களை எழுதித் தரும் ஜாக்ஸ்பி-யின் எக்ஸ்ஜேசி கருவி தனித்தனி கெட்டர் தராது, எல்லாவற்றையும் ஒரே லிஸ்ட்டில் கொட்டி, அதன் மேலே ஒரு கமெண்ட்டில் காரணத்தையும் எழுதி வைக்கும். இதை ப்ராஜெக்ட் பாதி முடிந்த பிறகு பார்ப்பதைவிட முதல் நாளே கிளாஸ்களை ஜெனரேட் செய்து பார்ப்பது எவ்வளவோ மேல். அதேபோல ஒரு எலிமெண்ட் விருப்பத்துக்குரியதாகவும், நில் (காலி என்ற குறி) வரலாம் என்றும் ஸ்கீமாவில் இருந்தால், வெறும் ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஜாக்ஸ்பிஎலிமெண்ட் என்ற உறையில் சுற்றித் தரும். எரிச்சலில் பைண்டிங் செட்டிங்கை மாற்றி அந்த உறையைத் தூக்கிவிடுகிறார்கள், அப்புறம் "மதிப்பே அனுப்பவில்லை" என்பதற்கும் "காலி என்று சொல்லி அனுப்பினார்கள்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. வாடிக்கையாளர் விவரத்தைத் திருத்தும் சர்வீஸில் ஒன்றின் பொருள் "தொடாதே", இன்னொன்றின் பொருள் "அழித்துவிடு". அங்கே இந்த வித்தியாசம் தொலையவே கூடாது.

கருவி முன்னிருப்பாகத் தருவதை யோசிக்காமல் எடுத்துக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. வெப் சர்வீஸ் கருவிகளில் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் எடுத்தால் ஜாக்ஸ்பி வரும், ஆக்சிஸ்2 எடுத்தால் ஏடிபி வரும். ஏடிபி சிறிய சர்வீஸுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரிய டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸை விவரிக்கும் ஃபைல்) கொடுத்தீர்களானால், வேறு ஆப்ஷன் எதுவும் சொல்லாதபோது எல்லா டைப்பும் ஒரே ஸ்டப் கிளாஸுக்குள் உள்கிளாஸாக வந்து விழும், அந்த ஃபைலைத் திறந்தால் ஐடிஇ-யே திணறும், அதைவிட முக்கியம் அந்த கிளாஸ்கள் ஆக்சிஸ்2-வோடு ஒட்டிப் பிறந்தவை என்பதால் நாளைக்கு வேறு சாப் (வெப் சர்வீஸ் மெசேஜ் முறை) ஸ்டாக்குக்கு மாற நினைத்தால் அவற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆக்சிஸ்2-விலேயே எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஜாக்ஸ்பி என்று மாற்றிக் கேட்கும் ஆப்ஷன் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம்: சத்தமில்லாமல் தொலையும் தரவு. ஜாக்ஸ்பி 2-இல் நீங்கள் ஸ்கீமாவையோ உங்கள் சொந்த ஈவென்ட் ஹேண்ட்லரையோ கொடுக்கவில்லை என்றால், எண் வர வேண்டிய எலிமெண்ட்டுக்குள் "12 பெட்டி" என்று வந்தாலும் எக்ஸெப்ஷன் வராது. அந்த ஃபீல்டு இன்டிஜர் ஆப்ஜெக்ட்டாக இருந்தால் நல், இன்ட் ஆக இருந்தால் 0. லாகிலும் ஒன்றும் இருக்காது. ஆர்டர் 0 பெட்டிக்கு என்று டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். தெரியாத எலிமெண்ட் வந்தாலும் இதே கதைதான், நேம்ஸ்பேஸில் (எலிமெண்ட் எந்த ஸ்கீமாவைச் சேர்ந்தது என்று சொல்லும் பெயர்) ஓர் எழுத்து பிசகினால்கூட அந்த எலிமெண்ட் வரவே இல்லை என்பது போல விட்டுவிட்டுப் போகும். பைண்டிங் லைப்ரரி வேலிடேஷனையும் (ஸ்கீமாப்படி இருக்கிறதா என்ற சோதனை) சேர்த்தே செய்கிறது என்று நம்பாதீர்கள். அன்மார்ஷலரில் செட்ஸ்கீமா கூப்பிடுங்கள், அது வேண்டாம் என்றால் குறைந்தது பிழை வந்ததும் நிறுத்தும் ஹேண்ட்லர் ஒன்றையாவது வையுங்கள்.

தேதியிலும் இதே மாதிரிப் பொறி. எக்ஸ்எஸ்டி-யின் டேட் டைப்பில் டைம்சோன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2024-04-01 என்று சோன் இல்லாமல் வருகிறது என்று வையுங்கள். ஜாக்ஸ்பி அதை எக்ஸ்எம்எல்கிரிகோரியன்காலெண்டராகத் தருகிறது, நீங்கள் அதைப் பழைய ஜாவா டேட் (Date) ஆக மாற்றுகிறீர்கள். சர்வர் இந்திய நேரத்தில் இருந்தால் அது ஏப்ரல் 1 நள்ளிரவு, யுடிசி-யில் பார்த்தால் மார்ச் 31 மாலை 6.30. யுடிசி-யில் ஓடும் இன்னொரு சர்வர் அதைத் திரும்பத் தேதியாக எழுதும்போது மார்ச் 31 ஆகிவிடும். ஒரு நாள்தானே என்று விட முடியாது, நிதியாண்டே மாறிப்போய்விட்டது! ஆகவே தேர்ந்தெடுக்கும் லைப்ரரியில் சொந்த அடாப்டர் எழுதி லோக்கல்டேட்டுக்கு நேராக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், ஜாக்ஸ்பி-யில் எக்ஸ்எம்எல்அடாப்டர் அதற்குத்தான் இருக்கிறது. பணத் தொகைக்கும் இதே கவனம் வேண்டும். டெசிமல் என்றால் பிக்டெசிமலாகவே இருக்கட்டும், வசதிக்காக டபுளுக்கு மாற்ற வேண்டாம்.

கையெழுத்திட்ட மெசேஜ்களைத் தொடுகிறீர்கள் என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். ஆதார், யுபிஐ போன்றவற்றில் எக்ஸ்எம்எல் டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். அதை ஆப்ஜெக்ட்டாக மாற்றி, திரும்ப எக்ஸ்எம்எல் ஆக்கி, அதன் மேல் கையெழுத்தைச் சரிபார்த்தால் தேறாது. எக்ஸ்எம்எல்-ஐ ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவரும் கானோனிகலைசேஷன், அட்ரிபியூட் வரிசை போன்றவற்றைச் சமன் செய்யும், ஆனால் நேம்ஸ்பேஸ் பிரிஃபிக்ஸ் மாறியதையோ எலிமெண்ட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி போனதையோ சரி செய்யாது. வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு முதலில் கையெழுத்தைச் சரிபாருங்கள், பைண்டிங் அதற்குப் பிறகு. நடுவில் நின்று மெசேஜை வாங்கி, ஒரே ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றி அனுப்பும் சர்வீஸுக்கும் சாதாரண பைண்டிங் ஆகாது, உங்களுக்குத் தெரியாத எலிமெண்ட்டுகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். இங்கேதான் எக்ஸ்எம்எல்பீன்ஸ் கை கொடுக்கிறது. அது மூல எக்ஸ்எம்எல் முழுவதையும் பின்னால் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஜாவா கிளாஸ்களைக் காட்டுகிறது. மெமரி கூடும், அது தெரிந்தே செய்ய வேண்டிய செலவு. ஜாக்ஸ்பி-யிலேயே இருக்க வேண்டுமென்றால் அதன் பைண்டர் கிளாஸைப் பாருங்கள், எக்ஸ்எம்எல்-ஐ மெமரியில் வைக்கும் டாம் மரத்தையும் ஆப்ஜெக்ட்டையும் இணைத்தே வைத்திருக்கும்.

லைப்ரரிக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்காமல் எடுப்பதும் தவறு. எக்ஸ்எம்எல்பீன்ஸை அப்பாச்சி 2014-இல் பரணில் ஏற்றியது (பராமரிப்பை நிறுத்தியது), 2018-இல் அப்பாச்சியின் பிஓஐ ப்ராஜெக்ட் அதை இறக்கி எடுத்துப் பராமரிக்கத் தொடங்கியது. ஜாக்ஸ்பி ஜாவா 6-இலிருந்து ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகே-யோடு வந்துகொண்டிருந்தது, அதனாலேயே எல்லோரும் அது எப்போதும் இருக்கும் என்று எண்ணினார்கள். 2018-இல் வந்த ஜாவா 11-இல் அது நீக்கப்பட்டது. 2020-இல் பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறியது. பழைய பெயரில் ஜெனரேட் செய்த கிளாஸ்களை ஸ்பிரிங் பூட் 3-இல் புதிய ரன்டைமோடு ஓட்டினால், அனோடேஷன் கண்ணெதிரே இருக்கும்போதே ரூட் எலிமெண்ட் அனோடேஷன் இல்லை என்று பிழை வரும். காரணம், புதிய ரன்டைமுக்குப் பழைய அனோடேஷன் தெரியாது. இரண்டையும் கலக்காதீர்கள், ஜெனரேட் செய்யும் ப்ளகின் பதிப்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எக்ஸ்ஸ்ட்ரீம் என்ற லைப்ரரி பற்றியும் ஒரு வார்த்தை. பயன்படுத்த எளிது, ஆப்ஜெக்ட்டை ஃபைலில் எழுதிப் படிக்க நல்லது. ஆனால் அது ஸ்கீமாவிலிருந்து தொடங்குவதில்லை, வெளியாள் அனுப்பும் எக்ஸ்எம்எல்-ஐ அதில் நேரடியாகக் கொடுப்பது பல ஆண்டுகள் ஆபத்தான பாதுகாப்பு ஓட்டையாக இருந்தது. 2021-இல் வந்த 1.4.18-இல்தான் அனுமதித்த டைப்புகளை மட்டும் ஏற்பது முன்னிருப்பானது. வெளி உலகத்தோடு பேசும் சர்வீஸுக்கு அதை எடுக்க வேண்டாம். எந்த லைப்ரரி எடுத்தாலும் அடியில் இருக்கும் பார்சரில் டிடிடி-யை (ஆவணத்துக்குள்ளேயே அதன் அமைப்பை அறிவிக்கும் பழைய முறை) அணைத்துவிடுங்கள், சாப் மெசேஜில் டிடிடி இருக்கவே கூடாது என்பது விதி.

ஜெனரேட் ஆன கிளாஸ்களை பிசினஸ் லாஜிக் முழுக்கப் பரவ விடாதீர்கள். ஐஎஸ்ஓ 20022-ஐயே பாருங்கள், மெசேஜின் பதிப்பு எண் நேம்ஸ்பேஸுக்குள்ளேயே இருக்கிறது. பணம் அனுப்பச் சொல்லும் பெயின்.001 மெசேஜின் 03-ஆம் பதிப்பும் 09-ஆம் பதிப்பும் ஸ்கீமா பார்வையில் சம்பந்தமே இல்லாத இரண்டு டாக்குமெண்டுகள், இரண்டுக்கும் தனித்தனி பேக்கேஜ், இரண்டிலும் ரூட் எலிமெண்ட் பெயர் டாக்குமெண்ட். கட்டணக் கணக்கு, வரம்புச் சோதனை எல்லாவற்றையும் 03-இன் கிளாஸ்களின் மேல் எழுதியிருந்தால் 09 வரும்போது எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதுதான். சொந்தமாக ஒரு மாடல் வைத்துக்கொண்டு, மெசேஜ் வந்து போகும் எல்லையில் மட்டும் மேப்பிங் செய்யுங்கள். கொஞ்சம் கூடுதல் கோடுதான், ஆனால் லைப்ரரியை மாற்றுவதும் அப்போது எல்லையில் மட்டும் முடிந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் எதிர்த் தரப்பிடம் உண்மையான மெசேஜ்களைக் கேட்டு வாங்குங்கள், ஆவணத்தில் இருக்கும் அழகான மாதிரி போதாது. காலி எலிமெண்ட், நில், சோன் இல்லாத தேதி, நீளமான பெயர், தமிழ் எழுத்தில் வரும் முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஆப்ஜெக்ட்டாக்கி, திரும்ப எக்ஸ்எம்எல் ஆக்கி, எக்ஸ்எம்எல்யூனிட் வைத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டியில் இருக்கும் இரண்டு லைப்ரரியிலும் இதைச் செய்யுங்கள். எது எதைத் தொலைக்கிறது என்று பட்டியலாகவே வந்துவிடும், அந்தப் பட்டியலை டீம் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள்.