கப்பல்ல காலா ஈவினிங்குக்கு என்ன உடுத்துறது? முதல் தடவை போறவங்களுக்கு ஒவ்வொரு படியா

குனார்ட் கம்பெனியோட குயின் மேரி 2 கப்பல்ல நானும் எங்க வீட்டுக்காரரும் சவுத்தாம்ப்டன்ல ஏறி நியூயார்க்ல இறங்கினோம், 7 ராத்திரி. டிக்கெட் போட்டதுலேர்ந்து கப்பல் ஏறுற வரைக்கும் எங்க வீட்டுல நடந்த பேச்சு கடல பத்தியோ சாப்பாட்ட பத்தியோ இல்ல, அந்த ரெண்டு காலா ஈவினிங்குக்கு, அதாவது எல்லாரும் முழுசா டிரஸ் பண்ணிக்கிட்டு டின்னருக்கு வர்ற ராத்திரிக்கு, என்னத்த போட்டுக்கறதுங்கறத பத்திதான். திரும்பி வந்தப்புறம் தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் இதே கேள்விய கேட்டுட்டாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். கோட்டு சூட்டு போட்டே பழக்கம் இல்லாதவங்களுக்கும் புரியணும்னு அடியிலேர்ந்து சொல்றேன்.

படி 1: உங்க கப்பல் என்ன கேக்குதுன்னு பாருங்க

இத பாக்காம துணிக்கடைக்கு போகாதீங்க. நார்வீஜியன் குரூஸ் லைன்ல காலா மாதிரி கட்டாய ஃபார்மல் நைட்டே கிடையாது. செலிப்ரிட்டி கம்பெனில அதுக்கு ஈவினிங் சிக்னு பேரு வெச்சு கொஞ்சம் தளர்த்திட்டாங்க. பிரின்சஸ், ராயல் கரீபியன் ரெண்டுலயும் ஃபார்மல் நைட் இருக்கு. ஆனா பழைய மாதிரி முழுசா டிரஸ் பண்ணிக்கிட்டு வர்ற வழக்கத்த இன்னிக்கும் விடாம வெச்சிருக்கறது குனார்ட்தான், அதனால அத வெச்சே சொல்றேன், இதுக்கு ரெடியாயிட்டீங்கன்னா வேற எந்த கப்பலுக்கும் ரெடி.

அங்க சாயங்காலம் 6 மணிக்கு மேலதான் டிரஸ் கோட். பகல்ல ஜீன்ஸ், டீ ஷர்ட், ஷூ எதுவேணா போடலாம். சாதாரண ராத்திரிக்கு ஸ்மார்ட் அட்டயர்னு சொல்லுவாங்க, காலர் வெச்ச சட்டை, நல்ல ஃபுல் பேண்ட், பொம்பளைங்களுக்கு நல்ல சுடிதாரோ டிரஸ்ஸோ போதும். காலா ஈவினிங்னா ஆம்பளைங்களுக்கு டக்ஸீடோங்கற டின்னர் ஜாக்கெட் (படி 3ல விவரம் இருக்கு), இல்லன்னா டார்க் கலர் சூட், கூடவே பட்டாம்பூச்சி மாதிரி கட்டற போ டையோ சாதா டையோ. பொம்பளைங்களுக்கு ஈவினிங் கவுன், காக்டெயில் டிரஸ், நல்ல ட்ரவுசர் சூட். இதோட ஃபார்மலான தேசிய உடையும் போடலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க, ஸ்காட்லாந்துக்காரங்க கட்டம் போட்ட பாவாடை மாதிரி கில்ட் போட்டு வர்றது அதனாலதான். நம்ம பட்டுப்புடவையும் கழுத்து மூடின பந்த்கலா கோட்டும் ஷெர்வானியும் அந்த கணக்குலதான் வருது. இத தெரிஞ்சுக்காம நான் ஒரு மாசம் கவுன் தேடி அலைஞ்சேன்.

இதெல்லாம் போட்டுக்க புடிக்கலையா, அதுக்கும் வழி இருக்கு. அன்னிக்கு ராத்திரி கிங்ஸ் கோர்ட் பஃபேல சாப்பிடலாம், கோல்டன் லயன் பப்ல உக்காரலாம். ஆனா பெரிய டைனிங் ஹாலான பிரிட்டானியா ரெஸ்டாரண்டும், டான்ஸ் நடக்கற குவீன்ஸ் ரூமும் டிரஸ் பண்ணினவங்களுக்குத்தான். ஒரு தடவையாவது டிரஸ் பண்ணிக்கிட்டு போங்கன்னுதான் நான் சொல்லுவேன். அந்த ஹால்ல ரெண்டு மாடி உயரத்துக்கு கூரை, நடுவுல படிக்கட்டு, அதுல அத்தன பேரும் அலங்காரமா இறங்கி வர்றத பாக்கறப்போ கல்யாண ரிசப்ஷன்ல மாப்பிள்ளை பொண்ணு வர்றத பாக்கற மாதிரி மனசு நெறஞ்சு போச்சு.

படி 2: எந்த ராத்திரி, என்ன தீம்

7 ராத்திரி பயணத்துல பொதுவா 2 காலா ஈவினிங் வரும். முதல் நாள் ராத்திரி வைக்க மாட்டாங்க, பெட்டி ரூமுக்கு வந்து சேர லேட் ஆகலாம். கடைசி ராத்திரியும் வைக்க மாட்டாங்க, ஏன்னா அன்னிக்கு படுக்கறதுக்கு முன்னாடியே பெரிய பெட்டிய கட்டி வெளிய வெச்சாகணும். அந்த காலத்து கப்பல்லயும் இதே காரணத்துக்காக முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் டின்னருக்கு டிரஸ் பண்ணிக்க மாட்டாங்களாம். நடுவுல நாள் முழுக்க கடல்லயே இருக்கற நாட்கள்லதான் காலா வரும்.

தீமும் உண்டு, பிளாக் அண்ட் ஒயிட், மாஸ்கரேட் மாதிரி. மாஸ்கரேட்னா முகமூடி. கட்டாயம் இல்ல, புடிச்சா ஒண்ணு எடுத்துக்கங்க. தீமுக்காக தனியா செலவு பண்ண வேண்டியதில்ல, கறுப்பு சூட்டு வெள்ளை சட்டை இருந்தாலே பிளாக் அண்ட் ஒயிட் முடிஞ்சுது.

படி 3: ஆம்பளைங்களுக்கு

முதல்ல சூட்டா டக்ஸீடோவான்னு முடிவு பண்ணுங்க. வீட்டுல நல்லா ஃபிட் ஆகற கறுப்பு இல்ல கரு நீல சூட் இருந்துச்சுன்னா அதுவே போதும், வெள்ளை சட்டை, டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ், அவ்ளோதான். பிரவுன் ஷூ வேண்டாம். சாக்ஸ் நீளமா இருக்கணும், உக்காரும்போது பேண்ட் மேல ஏறினா கால் தெரியக்கூடாது.

டக்ஸீடோ வேணும்னா சில விஷயம் தெரிஞ்சுக்கணும். டக்ஸீடோங்கற பேரு நியூயார்க் பக்கத்துல இருக்கற டக்ஸீடோ பார்க்குங்கற ஊர்லேர்ந்து வந்தது, இங்கிலாந்துல அதையே டின்னர் ஜாக்கெட்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான், கடையில குழம்பிக்காதீங்க. சாதா சூட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் எங்கன்னா காலர் மடிப்புல பளபளன்னு சாட்டின் துணி வெச்சிருக்கும், பேண்டோட பக்கவாட்டுல அதே சாட்டின்ல ஒரு பட்டை ஓடும், பேண்ட்ல பெல்ட் போடற லூப்பே இருக்காது. இடுப்புல கம்மர்பண்ட்ங்கற அகலமான மடிப்புத் துணிப்பட்டை கட்டறதா இருந்தா அதோட மடிப்பு மேல் பாத்து இருக்கணும், தலைகீழா கட்டிடாதீங்க.

இப்போ எங்களுக்கு நடந்தத சொல்றேன். வீட்டுக்காரருக்கு ஒரு கடையில வாடகைக்கு எடுத்தோம். கடையில ஜாக்கெட்ட மட்டும் போட்டு பாத்துட்டு கவர்ல போட்டு வாங்கிட்டு வந்துட்டோம். காலா அன்னிக்கு சாயங்காலம் 5 மணிக்கு சட்டைய எடுத்து மாட்டினா, பட்டன் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பக்கமும் வெறும் ஓட்டைதான் இருக்கு! மேல ஒரே ஒரு பட்டன். அந்த மாதிரி சட்டைக்கு ஸ்டட்னு தனியா 4 கறுப்பு குமிழ் வரும், ஓட்டைல சொருகிக்கணும், கடைக்காரங்க அத வைக்க மறந்துட்டாங்க. கைமுனை மடிச்சு போடற கஃப்லிங்க் மட்டும் இருந்துச்சு. அவருக்கு முகமே வாடிப் போச்சு. நான் என் கறுப்பு ஸ்வெட்டர்ல இருந்த பட்டன்ல 4 வெட்டி எடுத்தேன், அவரோட பழைய வெள்ளை சட்டைலேர்ந்து 4 எடுத்தேன், ஒரு கறுப்பு ஒரு வெள்ளைன்னு முதுகோட முதுகு சேத்து நடுவுல துணி போற அளவு நூல் விட்டு தெச்சேன், கறுப்பு முன்னாடி வெள்ளை உள்பக்கம்னு ஓட்டைல நுழைச்சா அசல் ஸ்டட் மாதிரியே நின்னுது. அதனால சொல்றேன், வாடகைக்கு எடுத்தா ஜாக்கெட், பேண்ட், சட்டை, ஸ்டட், கஃப்லிங்க், போ டை எல்லாத்தையும் கடையிலயே முழுசா போட்டு பாருங்க, போட்டுக்கிட்டே உக்காந்து எந்திரிச்சு கைய முன்னாடி நீட்டி பாருங்க. ஊசி நூல் இல்லாம கப்பல் ஏறாதீங்க.

போ டை ரெடிமேடா கொக்கி வெச்சும் வருது, அத போட்டா ஒண்ணும் தப்பில்ல. கையால கட்டணும்னு ஆசை இருந்தா இப்படி பண்ணுங்க. கழுத்துல போட்டு ஒரு முனைய இன்னொண்ண விட ஒன்றரை இஞ்ச் நீளமா விடுங்க. நீள முனைய குட்டை முனை மேல போட்டு அடி வழியா மேல இழுத்து ஒரு முடிச்சு. குட்டை முனைய பட்டாம்பூச்சி மாதிரி குறுக்க மடிச்சு கழுத்துக்கு நேரா புடிச்சுக்கங்க. நீள முனைய அது மேல நடுவுல தொங்க விடுங்க. அப்புறம் அந்த நீள முனையையும் மடிச்சு, முன்னாடி இருக்கற பட்டாம்பூச்சி மடிப்புக்கு பின்னாடி இருக்கற சந்துல தள்ளுங்க. ரெண்டு பக்கமும் மடிச்ச பாகத்த புடிச்சு இழுத்து இறுக்குங்க. ஷூ லேஸ் கட்டறோம்ல, அதே முடிச்சுதான் இது. கண்ணாடிய பாத்து பழகினா கை தடுமாறும், அதுக்கு பதிலா நாற்காலில உக்காந்து முட்டிக்கு கொஞ்சம் மேல தொடைல கட்டி பழகுங்க, சுத்தளவு கிட்டத்தட்ட கழுத்து அளவுதான் இருக்கும், கண்ணுக்கும் நேரா தெரியும். தினம் 10 நிமிஷம்னு ஒரு வாரம் பண்ணினா வந்துடும்.

படி 4: பொம்பளைங்களுக்கு

கவுன் போடறவங்க தரை தொடற நீளத்துல எடுத்தா, அன்னிக்கு போடப்போற செருப்பையே போட்டுக்கிட்டு நீளம் பாருங்க. காக்டெயில் டிரஸ்னா முட்டிக்கு கிட்ட வரும், அதுவும் சரிதான். கறுப்புல ஒரு நல்ல டிரஸ் எடுத்து, ரெண்டு ராத்திரிக்கும் ஷாலையும் கம்மலையும் மாத்திக்கிட்டா பெட்டியும் கனக்காது.

நான் புடவைதான் கட்டினேன். முதல் காலாவுக்கு கறுப்பு ஜார்ஜெட்டுல வெள்ளி வேலை, ரெண்டாவதுக்கு அரக்கு கலர் காஞ்சிபுரம். ரெண்டும் கட்டி பாத்த அனுபவத்துல சொல்றேன், கப்பலுக்கு கனமான கல்யாணப் பட்டு வேண்டாம், மெல்லிசு பட்டு, சின்ன பார்டர் போதும், ஏன்னா ஏறக்குறைய 5 மணி நேரம் அதுலதான் இருப்பீங்க, சாப்பிடணும், மாடிப்படி ஏறி இறங்கணும், டான்ஸ் பாக்கணும், நடுவுல கப்பல் லேசா ஆடும். கிளம்பறதுக்கு முன்னாடி ஊர்லயே ப்ரீ ப்ளீட்டிங் பண்ணி பாக்ஸ் ஃபோல்டிங் போட்டு வாங்கிக்கங்க. கொசுவமும் முந்தி மடிப்பும் இஸ்திரி போட்டு தயாரா இருக்கும், அந்த சின்ன ரூம்ல அஞ்சே நிமிஷத்துல கட்டிடலாம். ஃபால்ஸ் இல்லாத புடவைய எடுத்துக்கிட்டு போகாதீங்க.

முந்திய தோள்ல நல்லா பின் பண்ணுங்க, கொசுவத்துக்கு உள்பக்கமா ஒரு பின். ஃபோட்டோ எடுக்கலாம்னு அப்படியே டெக்குக்கு போனோம், அட்லாண்டிக் காத்து கதவ தொறக்கறப்பவே ஆள தள்ளுது, என் முந்தி பின்னோட இழுத்துக்கிட்டு ப்ளவுஸ் தோள்ல கிழிசல் விட்டுடுச்சு. ஃபோட்டோவ உள்ளயே படிக்கட்டுல எடுத்துக்கங்க.

ஹீல்ஸ் ஊசி மாதிரி வேண்டாம், அடி அகலமான கட்டை ஹீல் போதும். ஏசி குளிரு டைனிங் ஹால்ல ஜாஸ்தியாவே இருக்கும், ஒரு பாஷ்மினாவோ மெல்லிசு ஷாலோ கைல இருக்கட்டும். நகை ஒரு செட் போதும், ரூம் லாக்கர் சின்னது.

படி 5: பெட்டியும் இஸ்திரியும்

ரூம்ல இஸ்திரி பெட்டியோ ஸ்டீமரோ வெச்சுக்க விடமாட்டாங்க, தீ பயம், கப்பல்ல தீதான் பெரிய ஆபத்து. ஏறும்போதே ஸ்கேன்ல பாத்து எடுத்து வெச்சுடுவாங்க. குயின் மேரி 2ல லாண்டரி ரூம் இருக்கு, காசு கிடையாது, இஸ்திரி பெட்டியும் பலகையும் அங்கயே இருக்கும். ஆனா காலா அன்னிக்கு சாயங்காலம் அங்க கூட்டம், காலைலயே போயிடுங்க. சின்ன சுருக்கம்னா துணிய பாத்ரூம்ல மாட்டி சுடுதண்ணி ஷவர திறந்து கதவ மூடிடுங்க, ஆவில பாதி சரியாயிடும். ஜரிகை புடவைக்கு மட்டும் இத பண்ணாதீங்க, ஈரம் பட்டா ஜரிகை கறுக்கும். சென்ட்டும் அது மேல நேரா அடிக்காதீங்க.

ரூம் சுவரு இரும்புத் தகடு, அதனால காந்தம் வெச்ச கொக்கி நாலஞ்சு வாங்கிட்டு போனீங்கன்னா சூட்டு, புடவை எல்லாத்தையும் சுவத்துலயே மாட்டலாம். இத யாரோ சொல்லி செஞ்சேன், ரொம்ப உபயோகமா இருந்துச்சு. ஃப்ளைட்ல போய் கப்பல் ஏறறவங்க காலா துணில ஒரு செட்ட கேபின் பேக்ல வெச்சுக்கங்க, பெரிய பெட்டி வர லேட் ஆனாலும் கவலை இல்ல.

படி 6: அன்னிக்கு சாயங்காலம்

பிரிட்டானியால டின்னர் ரெண்டு பந்தி, 6 மணிக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு. நம்மள மாதிரி லேட்டா சாப்பிட்டு பழகினவங்களுக்கு ரெண்டாவது பந்திதான் சௌகரியம், டிரஸ் பண்ணவும் அவசரம் இல்ல. இங்கிலாந்துலேர்ந்து நியூயார்க் போற பக்கம்னா 5 ராத்திரி கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அதனால காலா முடிஞ்சு லேட்டா படுத்தாலும் தூக்கம் கெடாது, எதிர்ப்பக்கம் வர்றவங்களுக்கு அந்த வசதி இல்ல.

ரூம் ஒண்ணு, கண்ணாடி ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ரெடியாக முடியாது. ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு முதல்ல ஒருத்தர் குளிச்சு முடிச்சு வெளிய வாங்க. ஜாக்கெட்ல ஒண்ணுக்கு மேல பட்டன் இருந்தா கடைசி பட்டன எப்பவும் போடக்கூடாது. நிக்கும்போது மேல் பட்டன போடுங்க, உக்காரும்போது கழட்டிடுங்க, இல்லன்னா வயித்துகிட்ட சுருங்கும். டின்னர் முடிஞ்சு குவீன்ஸ் ரூமுக்கு கட்டாயம் போங்க, ஆட தெரியலன்னாலும் உக்காந்து பாக்கலாம், ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வாசிக்க எழுபது எண்பது வயசு ஜோடியெல்லாம் வால்ட்ஸ் ஆடறாங்க, எங்களுக்கு எழுந்து வரவே மனசு இல்ல.

கடைசி ராத்திரி பெட்டிய வெளிய வைக்கறதுக்கு முன்னாடி, மறுநாள் காலைல போட வேண்டிய சட்டை, பேண்ட், செருப்பு, உள்ளாடை வரைக்கும் எடுத்து கட்டில் மேல தனியா வெச்சுட்டு அப்புறம் ஜிப்ப மூடுங்க. வாடகை சூட்டோட ஸ்டட்டையும் கஃப்லிங்க்கையும் ஒரு சின்ன கவர்ல போட்டு கைப்பைல வெச்சுக்கங்க, தொலைஞ்சா கடைல காசு புடிப்பாங்க.