வீட்டில் செய்த பெடல் ஸ்டீல் கிட்டார்: கவிழ்த்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

பெரம்பூர், ராயபுரம் பக்கம் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது, நாலு காலில் நிற்கும் நீளமான கிட்டார் ஒன்று எப்போதாவது வெளியே வரும். மேலே கம்பெனி பெயர் இருக்காது. விற்பவர் “ஹவாயன் கிட்டார் சார், ஆன்டிக்” என்பார். ஆன்டிக் என்பதை உடனே தள்ளிவிடலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இப்படிப்பட்ட பொருளுக்கு நூறு வயதாகியிருக்க வேண்டும். முதல் பெடல் ஸ்டீல்களில் ஒன்றான கிப்ஸனின் எலக்ட்ராஹார்ப் சந்தைக்கு வந்ததே 1940 வாக்கில்தான்.

காலும் கம்பியும் இருந்தால் மட்டும் பெடல் ஸ்டீல் ஆகிவிடாது. மடியில் வைத்து வாசிப்பது லேப் ஸ்டீல். அதற்கே கால் பூட்டினால் கன்சோல். பெடல் ஸ்டீலில் கம்பியின் ஒரு முனை ‘சேஞ்சர்’ என்ற பகுதியில், கம்பிக்கு ஒன்றாக அசையும் உலோக விரலில் மாட்டியிருக்கும். பெடலை மிதித்தால் அடியில் உள்ள இழுகம்பி அந்த விரலைத் திருப்பி சுருதியை மாற்றும். பெடல்கள் தொலைந்து போயிருந்தாலும் சேஞ்சர் இருந்தால் அது பெடல் ஸ்டீல்தான். ஆகவே முதல் வேலை, ஜமுக்காளம் விரித்துக் கருவியைக் கவிழ்ப்பது.

கவிழ்த்ததும் பலரும் துணியும் எண்ணெயுமாகத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். செய்தவர் பென்சிலில் எழுதிய சுருதி, தேதி, பெடல் எண்கள் எல்லாம் பெரும்பாலும் அடிப்பலகையில்தான் இருக்கும், மண்ணெண்ணெய்த் துணி பட்டால் போய்விடும். தொடுவதற்கு முன்பே வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு இழுகம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்தத் துளைதான் இழுப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிப்பது அடுத்த அபத்தம். சேஞ்சர் இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

கம்பெனி சாமானா, கைவேலையா என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தலைப்பகுதியில் நல்ல அமெரிக்க முறுக்காணிகள் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பவை) இருப்பதைப் பார்த்து முழுக் கருவியையும் அமெரிக்காவுக்குத் தூக்கிக் கொடுப்பது ஒன்று. அவை தனியாக வாங்கிப் பூட்டும் பொருள். அடியில் பிரேக் ஒயர் போன்ற கேபிளைப் பார்த்துவிட்டு “யாரோ பட்டறையில் செய்தது” என்று ஒதுக்குவது இன்னொன்று. 1957இல் வந்த ஃபெண்டர் 1000 கேபிளில்தான் இயங்கியது. இழுகம்பியாக சைக்கிள் போக்ஸ் கம்பி இருந்தால் கைவேலை என்ற ஊகம் பலப்படும், அவ்வளவுதான்.

திருகாணிகளை அளப்பது நல்ல வழி, ஆனால் அதிலும் வழுக்கும் இடம் உண்டு. கால் அங்குல போல்ட்டில் பழைய பிரிட்டிஷ் மரையும் அமெரிக்க மரையும் இரண்டுமே அங்குலத்துக்கு 20தான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அரை அங்குலத்தில் பிரிட்டிஷ் 12, அமெரிக்கா 13. சின்னத் திருகாணிகளில் பிரிட்டிஷ் 2 பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவு) 4.7 மி.மீ. விட்டம், அமெரிக்க 10-32 ஏறக்குறைய 4.8. வெர்னியரும் மரை கேஜும் இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒரே கருவியில் மூன்று வகை மரை கலந்து கிடந்தால், கையில் கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார்கள், அல்லது பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மரத்தைப் பெயின்ட்டின் மேல் பார்த்துச் சொல்லாதீர்கள். பிக்கப்பை (கம்பிக்கு அடியில் ஒலியை மின்சாரமாக்கும் பகுதி) தூக்கினால் பெயின்ட் படாத இடம் தெரியும். அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் மேப்பிளில் செய்தன. தேக்கு தெரிந்தால் இந்தப் பக்கத்து வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஓட்டிப் பார்ப்பது. விலை இங்கேதான் நிற்கிறது.

நட்டிலிருந்து, அதாவது தலைப்பகுதிப் பக்கம் கம்பிகள் தங்கும் இடத்திலிருந்து, சேஞ்சர் வரை அளவெடுங்கள். 24 அங்குலம் என்றால் 609.6 மி.மீ., 12ஆம் ஃப்ரெட் கோடு சரியாக 304.8இல், முதல் கோடு 34.2இல் விழ வேண்டும். கோடுகள் தப்பாக இருந்தால் பயமில்லை, புதுப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் நீளம் வேறுபட்டால்தான் வம்பு, சேஞ்சரையே கோணலாகப் பூட்டியிருக்கிறார்கள்.

பத்துக் கம்பி இருந்தால் ஈ9 (பத்துக் கம்பிப் பெடல் ஸ்டீலில் வழக்கமான சுருதி அமைப்பு) என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கலாம். எட்டுக் கம்பிக் கருவியில் அந்த அவசரம் கூடாது, பெடல் எந்தக் கம்பியை ஏற்றுகிறது என்று பார்த்துச் சுருதியை ஊகிக்க வேண்டும். ஈ9இல் மூன்றாம் கம்பி ஜி ஷார்ப், 0.011 அங்குலம். பெடல் அதை ஏ-க்கு ஏற்றும்போதுதான் அறும். தடித்த கம்பி போட்டால் அறாது என்பது தவறான எண்ணம். அறுவதைத் தீர்மானிப்பது நீளமும் சுருதியும்தான், தடிமன் கூடினால் சேஞ்சர் மேல் பாரம் கூடுவதுதான் மிச்சம். பத்துக் கம்பியும் ஏறினால் மொத்த இழுப்பு நூறு கிலோவைத் தாண்டும். அதனால் முதல் நாள் இரண்டு சுரம் இறக்கி வைத்து, ஒட்டு விடுகிறதா என்று பாருங்கள்.

பிறகு செல்போனில் ட்யூனரைப் போட்டு, ஈ9இல் முதல் இரண்டு பெடலும் தொடாத நான்காம் கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு, அந்த இரண்டு பெடலையும் சேர்த்து மிதியுங்கள். உடல் வளைவதால் நான்காம் கம்பி கொஞ்சம் இறங்கும். 5 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு இறக்கம் நல்ல கம்பெனிக் கருவியிலும் உண்டு, 15ஐத் தாண்டினால் காதில் உறைக்கும். அடுத்து ஒவ்வொரு பெடலையும் இருபது முறை மிதித்து விடுங்கள், கம்பி பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சேஞ்சர் அச்சு தேய்ந்திருக்கலாம். அதைச் சரி செய்வது லேத் வேலை, கூலி கருவியின் விலையையே தாண்டிவிடலாம்.

பிக்கப்பின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 8 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் நல்லது. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே சுற்றிய கம்பிச் சுருள் (காயில்) அறுந்திருக்கிறது, திரும்பச் சுற்றலாம். கடற்காற்றில் துருவேறிய கம்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மாற்றும் பொருள்.

விலைக்கு, ஷோ-பட், எம்மன்ஸ் போன்ற பெயர்பெற்ற அமெரிக்கக் கம்பெனிக் கருவிகளுக்கு இணையத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தேடுவது வீண். அவை பெயருக்கு வரும் விலை, அதிலும் கேட்ட விலைதானே தவிர விற்ற விலை இல்லை. முறுக்காணி, பிக்கப், கால்கள், பெட்டி தனித்தனியாக என்ன பெறும் என்று கூட்டினால் அடிமட்ட விலை கிடைக்கும். சேஞ்சர் சுத்தமாக ஓடினால் அதற்கு மேல் தாராளமாகக் கேட்கலாம். முட்டியால் தள்ளும் லீவர்கள் இல்லாவிட்டால் இறங்கி வர வேண்டும், இன்று வாசிப்பவர்கள் மூன்று பெடலோடு நாலு லீவராவது எதிர்பார்க்கிறார்கள். பெட்டியோடு முப்பது கிலோ வரை போகலாம் என்பதால் வெளியூருக்கு அனுப்பும் செலவை முன்பே பேசிவிடுங்கள். விளம்பரத்தில் பளபளக்கும் முன்பக்கத்தைவிட அடிப்பக்கப் படமும், நான்காம் கம்பி எத்தனை சென்ட் இறங்கியது என்ற கணக்கும் போடுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.