முதல் ஓரியண்டியரிங் போட்டி: வரைபடத்தைத் திருப்பப் பழகுங்கள், வேகம் பிறகு வரும்

பிரிட்டனில் உள்ளூர் ஓரியண்டியரிங் கிளப்புகள் நடத்தும் போட்டிகளில் அனுபவமே இல்லாதவர்களும் சேரலாம். வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களை வரிசைப்படி தேடிப் போய்வர வேண்டும். அந்த இடங்களுக்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். எந்த வழியில் போவது என்பது உங்கள் முடிவு.

தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தடங்களுக்கு நிறங்கள்தான் பெயர். வெள்ளையும் மஞ்சளும் பெரும்பாலும் சிறுவர்களுக்கு. முதல் தடவை வரும் பெரியவருக்கு ஆரஞ்சு சரியாக இருக்கும். புதியவர்கள் ஏமாறுவது பச்சையில். நீளம் குறைவு, எனவே சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு நான்குக்கும் வழி கண்டுபிடிக்கும் சிரமம் ஒன்றுதான். கூடிக்கொண்டே போவது நீளம் மட்டும். நன்றாக ஓடுபவர்களும் ஆரஞ்சிலிருந்தே தொடங்குங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

முழுக்கால் பேன்ட் (முட்செடியும் உண்ணியும் உண்டு), பிடிப்புள்ள ஷூ, விசில், திசைகாட்டி. கன்ட்ரோலில் பதிவு செய்ய விரலில் மாட்டும் மின்னணுச் சில்லு வாடகைக்குக் கிடைக்கும். அங்கே அதை 'டிப்பர்' என்பார்கள். புறப்படும் முன் 'கிளியர்', பிறகு 'செக்' பெட்டிகளில் அதை வையுங்கள். கிளியரை மறந்தால் பழைய போட்டியின் பதிவுகள் உள்ளேயே தங்கிவிடும்.

வரைபடத்தை வாசியுங்கள்

இந்த வரைபடத்தில் வெள்ளைதான் காடு, தடையின்றி ஓடக்கூடிய காடு. பச்சை கருக்கக் கருக்க அடர்த்தி கூடும், கரும்பச்சையில் நுழையாதீர்கள். மஞ்சள் திறந்தவெளி, நீலம் நீர், கறுப்பு பாதையும் பாறையும், பழுப்பு சம உயரக் கோடுகள். 1:10,000 அளவில் 1 செ.மீ. என்றால் தரையில் 100 மீட்டர். 1:4,000 என்றால் 40 மீட்டர்தான். இதைப் பார்க்காமல் ஓடினால் கன்ட்ரோலைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

திருப்புங்கள், விரலை வையுங்கள்

மிக முக்கியமான பழக்கம் இது. திசைகாட்டியைத் தட்டையாகப் பிடித்து, முள்ளின் சிவப்பு முனையும் வரைபடத்தின் வடக்குக் கோடுகளும் ஒரே பக்கம் பார்க்கும்வரை வரைபடத்தைத் திருப்புங்கள். அந்தக் கோடுகள் காந்த வடக்கையே காட்டுவதால் திருத்தக் கணக்கு எதுவும் வேண்டாம். எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு முன்னால் இருப்பது வரைபடத்திலும் மேல்பக்கம் இருக்க வேண்டும். எழுத்து நேராகத் தெரியட்டும் என்று பிடிப்பவர்கள்தான் முதல் பாதைச் சந்திப்பிலேயே எதிர்த்திசையில் ஓடுகிறார்கள்.

பிறகு வரைபடத்தை மடித்து, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் வளைவிலும் விரலை நகர்த்துங்கள். விரல் நகராமல் நீங்கள் மட்டும் நகர்ந்தால், தொலைந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

வழியைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

கன்ட்ரோல் ஒரு குழியில் இருக்கிறது என்று வையுங்கள். குழி அருகில் வந்தால்தான் தெரியும். அதன் பக்கத்தில் தவறவே முடியாத இடம் எது? 80 மீட்டர் தள்ளியுள்ள பாதைச் சந்திப்பு. அதுதான் அட்டாக் பாயிண்ட். அதுவரை கூடவே வரும் பாதை, ஓடை, சுவர் எதையாவது பிடித்துக்கொண்டு வேகமாகப் போகலாம். அங்கிருந்து வேகத்தைக் குறைத்து, திசை பார்த்து, அடி எண்ணிப் போங்கள். குழிக்கு அப்பால் ஓடை வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடி எண்ண, வீட்டருகே 100 மீட்டர் அளந்து நடந்து பாருங்கள். ஒரு காலை மட்டும் எண்ணினால் பலருக்கு 60-ஐ ஒட்டி வரும். ஏற்றத்திலும் புதரிலும் எண்ணிக்கை கூடும்.

திசைகாட்டியை மட்டும் நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள். 5 டிகிரி பிசகினால் 500 மீட்டரில் 44 மீட்டர் விலகிவிடுவீர்கள். ஓடையும் பாதையும் சேரும் இடத்துக்குப் போவதானால், வேண்டுமென்றே அந்த இடத்துக்குச் சற்று இடப்பக்கமாக ஓடையைக் குறிவையுங்கள். ஓடை வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் போதும். நேரே குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியாது.

கன்ட்ரோலில்

வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த கொடியைக் கண்டதும் டிப்பரை நுழைக்காதீர்கள். அதன் எண் உங்கள் குறிப்புத்தாளில் இருக்கிறதா பாருங்கள். பக்கத்திலேயே வேறு தடத்தின் கொடியும் இருக்கலாம். தவறான கொடியில் பதிந்தால் பாதகமில்லை. 5-ஐ விட்டு 6-ல் பதிந்துவிட்டால், 5-க்குத் திரும்பிப் போய், மறுபடி 6-லிருந்து வரிசையாகத் தொடருங்கள்.

வழி தெரியாமல் போனால்

நில்லுங்கள். வரைபடத்தைத் திருப்புங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அதிலிருந்து எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று யோசியுங்கள். இரண்டு நிமிடத்தில் புலப்படாவிட்டால் அங்கேயே திரும்பிப் போங்கள். அருகிலிருக்கும் குன்றை வரைபடத்துக் குன்று என்று மனம் வலிந்து பொருத்தப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அடிபட்டால் விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள்.

பாதியில் விட்டாலும் முடிவிடத்துக்கு வந்து டிப்பர் பதிவை இறக்கியே ஆக வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போனால், மழையிலும் இருட்டிலும் உங்களைத் தேடி ஆட்கள் காட்டுக்குள் போவார்கள்.

பதிவை இறக்கியதும் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் ஆன நேரம் அச்சாகி வரும். அன்று மாலையே போன வழியை வரைபடத்தில் பேனாவால் வரையுங்கள். கோடு எங்கே தடுமாறி நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் விரல் நகராமல் இருந்திருக்கும்.